ஒட்டுப் போட்ட தாலாட்டு

"பாட்டே கேட்க முடியலை, மேடம்" என்றார் செல்வின்.

தில்லைநாயகி நிமிர்ந்து பார்த்தார்.

செல்வின் பல்கலைக்கழகத்தில் சினிமாப் பாடல்களின் ஒலிப்பதிவை ஆராய்பவர். ரெக்கார்டிங் ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு ஆராய்ச்சிக்கு வந்தார். அவருக்கு நெறியாளராக இருந்த தில்லைநாயகி வயதில் இளையவர். பட்டம் வாங்கி அதே துறையில் ஆசிரியரான பிறகும், மனதில் ஒன்று உறுத்தினால் செல்வின் தில்லைநாயகியின் அறைக்குத்தான் வருவார்.

எந்தப் பாட்டைப் போட்டாலும் மைக் எங்கே இருந்தது, எதிரொலியை எப்படிச் சேர்த்தார்கள், டேப்பை எங்கே வெட்டினார்கள் என்றுதான் காதில் விழுகிறது என்றார். வீட்டில் மனைவி பாட்டுப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாராம்.

"இதுக்காகவா இந்த வேலைக்கு வந்தேன்?"

தில்லைநாயகி, இப்போது என்ன ஆராய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

ஒரு பழைய படத்தில் வந்த தாலாட்டு. படம் ஓடவில்லை, பாட்டு மட்டும் நிலைத்தது. அதன் மூல டேப் செல்வினுக்குக் கிடைத்திருந்தது. கடைசிச் சரணம் வேறொரு நாளில் பதிவாகி, பிறகு ஒட்டப்பட்டது என்று கண்டுபிடித்திருந்தார். அதில் மைக் தாழ்ந்திருக்கிறது. மூச்சு பெரிதாகக் கேட்கிறது. பாடகியின் குரல் தளர்ந்திருக்கிறது. ஒலிப்பதிவாளரின் அலட்சியம் என்று கட்டுரை எழுதியாகிவிட்டது. அடுத்த மாதம் கருத்தரங்கில் வாசிக்க வேண்டும்.

தில்லைநாயகி ஹெட்போனை மாட்டிக்கொண்டு செல்வினின் லேப்டாப்பில் முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு கழற்றி வைத்தார்.

"இதைப் பாடின அம்மா எங்கே இருக்காங்க?"

செல்வினுக்குத் தெரியவில்லை. தேவைப்படவில்லை, எல்லாம் டேப்பிலேயே இருக்கிறது என்றார்.

"உயிரோட இருக்காங்களா? அதுவாவது தெரியுமா, சார்?"

அதுவும் தெரியாது.

தில்லைநாயகி லேப்டாப்பை மூடி அவர் கையில் கொடுத்தார்.

செல்வின் விசாரித்தார். பாடகி பங்கஜவல்லி எண்பதைத் தாண்டி, திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருந்தார். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. தில்லைநாயகியையும் அழைத்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில், அந்த அம்மாவிடம் என்ன கேட்பது என்றார்.

"எதுவும் கேட்க வேண்டாம். போட்டுக் காட்டுங்க."

பங்கஜவல்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசிச் சரணம் தொடங்கியதும் கண்ணைத் திறந்தார்.

பாட்டு முடிந்தது. இங்கே ஒரு ஒட்டு இருக்கிறது என்று செல்வின் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மகள் காபி வைத்துவிட்டு உள்ளே போகும்வரை பங்கஜவல்லி காத்திருந்தார்.

பிறகு சொன்னார். அன்று அவருக்கு ஆறு மாதம். முதல் பிள்ளை. இரண்டாம் சரணம் முடிந்த கையோடு வலி கண்டது. அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை தங்கவில்லை.

மீதியை வேறு யாரையாவது வைத்துப் பாடிக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர் சொன்னாராம். நானே பாடுகிறேன் என்று இவர்தான் பிடிவாதமாகத் திரும்பிப் போயிருக்கிறார். நிற்க முடியவில்லை. ஒலிப்பதிவாளர் தம் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். மைக்கை அவரே இறக்கி வைத்தார். வாத்தியக்காரர்கள் யாரும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே டேக்கில் முடிந்தது.

"இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லை" என்றார்.

செல்வின் தில்லைநாயகியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வின் லேப்டாப்பை மூடப் போனார்.

பங்கஜவல்லி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மூடாதீங்க, தம்பி. இன்னொரு தடவை முதல்லேருந்து போடுங்க. அந்த ஒட்டுக்கு முன்னால பாடுறது நாங்க ரெண்டு பேரு."