மணல்மூட்டைக்கு பெல்ட் போட்டவள்

"எது நல்ல வண்டி, மாஸ்டர்?" என்று ரேணுகா கேட்டது, ஓட்டக்களத்துக்கு வந்த முதல் வாரத்தில். ஆக்னஸ் சாவியை நீட்டினாள். "ஓட்டு," என்றாள். அவ்வளவுதான்.

ஆச்சு, இரண்டு வருஷம். ரேணுகா ஓட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

பல்லடத்தைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே கிடக்கிற ஓட்டக்களம் அது. புதிதாக விற்பனைக்கு வரும் கார்களை அங்கே ஓட்டிப் பார்ப்பார்கள். போட்டி வண்டிகளோடு ஒப்பிட்டு, வாங்கலாமா கூடாதா என்று ஒரு மோட்டார் பத்திரிகைக்குத் தீர்ப்பு எழுதுவார்கள். எழுதுகிறவள் ஆக்னஸ். ரேணுகாவைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் களத்தில் எல்லாருக்கும் மாஸ்டர். ரேணுகாவுக்கு அங்கே பெயர் சிஷ்யை. டயர் மாற்றுகிற செல்வகணபதி கிண்டலுக்கு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்த மாதம் மூன்று வண்டிகள் வந்திருந்தன. மூன்றும் இரண்டு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கூபே. நீலமும் சாம்பலும் ஏற்கெனவே பெயர் வாங்கியவை. சிவப்பு புதுசு, டர்போ எஞ்சின். மிதித்தால் ஒரு கணம் யோசிக்கும். பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல் பாயும்.

"இந்தத் தடவை தீர்ப்பு உன்னோடது. கீழே உன் பேர்தான்," என்று ஆக்னஸ் சொல்லியிருந்தாள். ரேணுகா இரண்டு வருஷமாகக் காத்திருந்தது அந்த ஒரு வரிக்கு.

பக்கத்தில் ஆள் இருந்தால் வண்டி எப்படி வளைகிறது, எப்படி நிற்கிறது என்று பார்க்க, ஓர் ஆள் எடைக்கு மணல்மூட்டையைத் தூக்கி வைப்பது அங்கே வழக்கம். சும்மா வைத்தால் போதாது. சீட்டில் பாரம் இருந்தால் ஆள்தான் என்று நினைத்து, பெல்ட் போடச் சொல்லி வண்டி கூவிக்கொண்டே இருக்கும். அதனால் மூட்டைக்கும் பெல்ட்.

"மாப்பிள்ளைக்கு பெல்ட் போட்டாச்சுங்களா, அக்கா?" என்றான் செல்வகணபதி.

"மூட்டைன்னா அது மாப்பிள்ளையாத்தான் இருக்கணுமா? மாமனாரா இருக்கக் கூடாதா?"

"மாமனாரோட யாருங்க்கா ஊர் சுத்துவா?"

"மாப்பிள்ளையோட மட்டும்தான் சுத்தணும்னு எவன் எழுதி வச்சான்? ஒரு பொம்பளை கார் ஓட்டினா பக்கத்துல ஒரு மாப்பிள்ளை இருந்தே ஆகணுமா? உங்க வீட்டுல அப்படித்தானா?"

"நான் ஒண்ணுமே சொல்லலைங்க." அவன் கையைத் தூக்கிவிட்டான்.

ரேணுகாவின் எல்லா வாதமும் இப்படித்தான் முடியும். எதிராளி கையைத் தூக்கிவிடுவார். அவள் ஜெயித்துவிடுவாள். ஜெயித்த பிறகு பேச ஆள் இருக்காது.

அன்று மூன்று வண்டிகளையும் ஓட்டி முடித்துவிட்டு ஆக்னஸிடம் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"சிவப்புதான், மாஸ்டர். சந்தேகமே இல்ல. நீலம் வளைவுல முனகுது. சாம்பல் நல்ல வண்டிதான், ஆனா தூங்குமூஞ்சி. சிவப்பு கடைசிக் கணம் வரைக்கும் பிரேக்கைத் தொடவிடல. அப்படி ஒரு நம்பிக்கை."

"பக்கத்துல இருந்தவங்க என்ன சொன்னாங்க?"

"பக்கத்துல மூட்டை."

"மூட்டை என்ன சொல்லுச்சு?"

"மாஸ்டர், இது குடும்பத்தோட கோயிலுக்குப் போற வண்டி இல்ல. கூபே வாங்குறவன் ஓட்டுறதுக்கு வாங்குறான். பக்கத்து சீட்டுக்காக எவனும் வாங்கறதில்ல."

"அப்ப அந்த சீட்டை எதுக்கு வச்சிருக்கான்?"

ரேணுகாவிடம் அதற்கு நான்கு பதில்கள் இருந்தன. ஆக்னஸ் ஒன்றுக்கும் காத்திருக்கவில்லை.

"நாளை சாயங்காலத்துக்குள்ள உயிருள்ள ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. மூணு வண்டியிலயும் உக்கார வை. அவங்க சொல்றதையும் சேத்து எழுது. அப்பறம் உன் பேர்."

முதலில் செல்வகணபதியைத்தான் கேட்டாள்.

"அக்கா, வேணும்னா நாலு டயரையும் ராத்திரியோட ராத்திரியா மாத்தித் தர்றேனுங்க. உக்கார மட்டும் சொல்லாதீங்க. எனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குதுங்க."

"நான் என்ன உன்னைக் கொன்னுடுவேனா?"

"மாட்டீங்க. ஆனா அது எனக்கு எறங்குன பொறகுதானே தெரியும்?"

அண்ணனைக் கூப்பிட்டாள். மீட்டிங் என்றார். கல்லூரித் தோழி ஒருத்திக்கு முதுகுவலி. இன்னொருத்தி போனையே எடுக்கவில்லை. போனில் கீழே தள்ளத் தள்ளப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அவளோடு ஒரு வண்டியில் ஏறுகிற பெயராக ஒன்றும் நிற்கவில்லை.

மிஞ்சியது நூர்ஜஹான்.

சிங்காநல்லூரில் நூரும் அவளும் ஒரே கட்டடம். நூருக்குப் பல்லடத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு. களத்துக்குப் போகிற வழிதான். தினமும் ரேணுகாவின் காரில்தான் வருவாள். என்ன பேச்சு, என்ன சண்டை! சினிமாவிலிருந்து கல்யாணம் வரைக்கும். பேச்சு சூடேறினால் காரும் வேகமெடுக்கும். ரேணுகா அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பி, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, விரலை நீட்டிப் பேசுவாள். கடைசியில் நூரு, "சரிடி, நீ சொல்றதுதான் சரி," என்பாள். ரேணுகாவின் நாட்கள் அந்த வெற்றியில்தான் தொடங்கும்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் நூரு, "கம்பெனி பஸ் வசதியா இருக்குடி," என்றாள். அன்றோடு சரி.

இப்போது அந்தச் சீட்டில் ரேணுகாவின் பைதான் உட்கார்ந்து வருகிறது. கொஞ்சம் கனமாக இருந்துவிட்டால் கார் கூவும். பைக்கு பெல்ட் போட்டுவிட்டு, ரேடியோவில் பேசுகிறவனோடு வாதாடிக்கொண்டே வீடு வந்து சேருவாள்.

சாயங்காலம் பனியன் கம்பெனி வாசலில் போய் நின்றாள். நூரு தோள்பையோடு வெளியே வந்தாள். ரேணுகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் நின்ற காரைப் பார்த்ததும் கொஞ்சம் சுருங்கியது.

"மூணே வண்டி, நூரு. வண்டிக்கு ரெண்டு சுத்து. உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்ல."

"வேணாம், ரேணு."

"ஏன்?"

"சொன்னா வாதாடுவே."

"மாட்டேன்."

"பாரு, ஆரம்பிச்சுட்டே."

"இது வாதமா? ஒரு கேள்வி கேட்டா வாதமா? உனக்கு என் மேல என்ன கோபம்? அன்னிக்கு உன் மாமா பொண்ணு கல்யாண விஷயத்துல நான் சொன்னது தப்பா? நீயே சரின்னு ஒத்துக்கிட்டியா இல்லியா?"

"ஒத்துக்கிட்டேன். எல்லாத்தையும்தான் ஒத்துக்கிட்டேன்." நூரு சிரித்தாள். ரேணுகாவின் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள். "கோபமெல்லாம் இல்லடி. உன் பேச்சு இல்லாம எனக்குத்தான் போர் அடிக்குது. வீட்டுக்கு வா, பிரியாணி போடறேன். உக்காந்து சண்டை போடலாம். கார்ல மட்டும் வேணாம்."

பஸ் வந்தது. நூரு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையை ஆட்டினாள். பஸ் நகர்ந்து திரும்புவதற்குள் அவள் தலை கண்ணாடியில் சாய்ந்து, கண் மூடிவிட்டது.

ரேணுகா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் காரில் நூரு ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. பேச்சு அவ்வளவு சுவாரசியம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் களத்துக்குத் தனியாகத்தான் வந்தாள். வழக்கமான இடத்தில், வேப்பமரத்தடியில், தன் சின்னக் காரை நிறுத்தினாள். ஆக்னஸ் அந்தக் காரில் ஒரே ஒரு முறை, பல்லடத்திலிருந்து ஏறி வந்திருக்கிறாள். இறங்கும்போது, "கால் வைக்கிற ரப்பர் மேட்டை மாத்து, ரேணுகா," என்றாள். "கார் எஞ்சின்ல ஓடுது மாஸ்டர், மேட்டுல இல்ல," என்று ரேணுகா அன்றும் ஜெயித்தாள். மறுநாளிலிருந்து ஆக்னஸ் ஸ்கூட்டரில் வந்தாள்.

"ஆள்?" என்றாள் ஆக்னஸ்.

"இல்ல." ரேணுகாவுக்குக் கோபம் வந்தது. வந்தது அழுகையாகவும் இருக்கலாம். கோபம் பழகியது என்பதால் அதை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன் மாஸ்டர். எனக்கு முன்னாடி இங்க இருந்த பசங்க மூணு பேர். மூட்டையை வச்சுத்தான் ஓட்டினாங்க. அவங்க பேரெல்லாம் அச்சுல வந்துச்சு. பொண்ணுன்னா மட்டும் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சர்ட்டிபிகேட் குடுக்கணுமா? இது நியாயமா?"

"நியாயமில்ல."

எதிர்பாராத இடத்தில் எதிராளி விழுந்துவிட்டதால் ரேணுகா தடுமாறினாள்.

"அப்பறம்?"

"அவங்க எது வேகமான வண்டின்னு கேட்டாங்க. அதுக்கு மூட்டை போதும். நீ எது நல்ல வண்டின்னு கேட்டே."

தூரத்தில் காற்றாலை இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆக்னஸ் சிவப்பு வண்டியின் பக்கத்து சீட்டிலிருந்து மூட்டையை இறக்கச் சொன்னாள். "ஏறு," என்றாள்.

ரேணுகா பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த வண்டியில் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள்.

"நேத்து நீ ஓட்டின மாதிரியே ஓட்டறேன்," என்றாள் ஆக்னஸ்.

அப்படியே ஓட்டினாள். டர்போ ஒரு கணம் யோசித்தது. பாய்ந்தது. முதல் வளைவு அருகே வந்தது, மிக அருகே வந்தது, அப்புறம்தான் பிரேக். ரேணுகாவின் கால் தானாகத் தரையில் ஊன்றியது. அடுத்து நீள நேர்ப்பாதை. ஆக்னஸ் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தாள். விரலை நீட்டினாள்.

"நீலம்தான் நல்ல வண்டி. இது வெறும் சத்தம். நீ என்ன சொல்றே?"

"மாஸ்டர், ரோடு!"

"ரோடு இருக்கட்டும். நீலமா, சிவப்பா? காரணத்தோட சொல்லு."

வளைவு வந்துகொண்டிருந்தது. மஞ்சள் பலகை பெரிதாகிக்கொண்டே இருந்தது. ஆக்னஸின் கண் ரேணுகாவின் முகத்திலேயே இருந்தது.

"நீலம்! நீலம்தான் மாஸ்டர்! நீங்க சொல்றதுதான் சரி!"

ஆக்னஸ் திரும்பி, பிரேக் பிடித்து, வளைத்தாள். அழகாகத்தான் வளைத்தாள். வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

எஞ்சினை அணைத்தாள்.

"நீலமா?" என்றாள் ஆக்னஸ்.

"இல்ல. சிவப்புதான். சும்மா சொன்னேன்."

"எதுக்கு?"

"நீங்க ரோட்டைப் பாக்கணும்னு."

சொல்லி முடித்தபின் அந்த வாக்கியம் காருக்குள்ளேயே நின்றது. ரேணுகா தன் வலது கெண்டைக்காலைத் தடவினாள். கல்லாக இறுகியிருந்தது. ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பஸ் ஜன்னலில் சாய்ந்த ஒரு தலைதான் கண்ணுக்குள் இருந்தது.

"சரிடி, நீ சொல்றதுதான் சரி." எத்தனை காலையில் அதைக் கேட்டிருப்பாள்.

"என் பேர் வேண்டாம் மாஸ்டர்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "தீர்ப்பு நீங்களே எழுதிக்குங்க. நூரு கோபமில்லன்னு சொல்றா. கையைப் பிடிக்கிறா, வீட்டுக்குக் கூப்பிடறா. ஒண்ணரை வருஷம் தினமும் என்கூட வந்தவ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?"

ஆக்னஸ் இறங்கினாள். ரேணுகாவின் சின்னக் கார் அருகே போனாள். ரேணுகா சாவியோடு பின்னாலேயே வந்து திறந்துவிட்டாள்.

"இதுல எத்தனை பிரேக்?" என்றாள் ஆக்னஸ்.

அந்த நிலைமையிலும் ரேணுகாவால் துல்லியமாக இல்லாமல் இருக்க முடியவில்லை. "காலுக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு. ரெண்டு."

ஆக்னஸ் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தாள். பையை எடுத்துக் காரின் கூரைமேல் வைத்தாள். குனிந்து, கீழே கிடந்த ரப்பர் மேட்டை உருவி வெளியே எடுத்து, சாயங்கால வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.

இடது பாதி புதுசு போல் இருந்தது. வலது பாதியில், ஒரு கால் அழுந்துகிற இடத்தில், வரிகளெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று போயிருந்தது. அதற்குக் கீழே, குதிகால் ஊன்றுகிற இடத்தில், ரப்பர் குழிந்து, வெளுத்து, ஓட்டையே விழுந்துவிட்டது. அதன் வழியாக ஒரு காசளவு வெளிச்சம் ரேணுகாவின் சட்டையில் விழுந்தது.

"மூணு," என்றாள் ஆக்னஸ்.