மிதிபடக் கூடாதது

சபாநாதன் வீட்டில் சனிக்கிழமை என்றால் சாக்கடை அடைக்கும். எழுதி வைத்த மாதிரி அடைக்கும். அடுக்களைத் தொட்டியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போகாமல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் அதே தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாக மேலே வரும். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்.

மனிதர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. மனைவி காலமான பிறகு வீட்டையே பூஜை மடமாக்கிவிட்டார். அவருடைய குரு தையல்நாயகி அம்மாள், அடுத்த தெருக்காரர். வயது நாற்பத்துநாலுதான். பால்வாடியில் ஆயாவாக வேலை பார்த்தவர். போயும் போயும் ஆயாவின் காலிலா விழுகிறார் வாத்தியார் என்று ஊர் சிரித்தது. சபாநாதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மாளுக்குப் பாத பூஜை. அம்மாள் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார். இவர் கண்ணீர் விட்டுக் காலைப் பிடித்துக்கொண்டதும் சரி என்று விட்டுவிட்டார். பால், தயிர், நெய், பஞ்சாமிர்தம், அரைத்த சந்தனம், பூ. எல்லாம் அந்தப் பாதத்தில் விழுந்து பித்தளைத் தாம்பாளத்தில் சேரும்.

சேர்ந்ததை என்ன செய்வது? யார் காலிலும் படக்கூடாது அல்லவா! முன்பெல்லாம் கிணற்றில் விட்டார். கிணற்றை மூடியாகிவிட்டது. ஆற்றில் விடலாம் என்றால் ஆற்றில் மணல்தான் இருக்கிறது. அதனால் பூஜையறை மூலையில் ஓட்டை போட்டு, கொல்லையில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும் சாக்கடைக் குழாயோடு சேர்த்துவிட்டார். தாம்பாளத்தை அதில் சாய்ப்பார், இரண்டு செம்பு தண்ணீர் விடுவார், கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம் அது எங்கே போகிறது, என்ன ஆகிறது என்ற யோசனையே கிடையாது.

அடைப்பெடுக்கத் தேசிங்கு வருவார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். மூங்கில் பிளாச்சும் வாளியுமாகப் பக்கவாட்டுச் சந்து வழியாக வருவார், அதே சந்து வழியாகப் போவார். வீட்டுக்குள் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் சபாநாதன் குருவிடம் கேட்டார்.

"எத்தனை தடவை சுத்தம் பண்ணாலும் திரும்பத் திரும்ப அடைக்குதேம்மா. மனசும் இப்படித்தானே இருக்கு. இதுக்கு என்னதான் வழி?"

கேட்டுவிட்டு நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தார். பெரிய பதிலாக வரும் என்ற நினைப்பு.

"அடைப்பெடுக்கறவரைக் கேட்டீங்களா ஐயா?"

"யாரை? தேசிங்கையா?"

"ஆமா."

"அவன்கிட்ட என்னம்மா கேக்கறது?"

"உள்ள என்ன கிடந்துச்சுன்னு."

சபாநாதன் நோட்டை மூடிவிட்டார். முகம் சுண்டிப் போயிற்று.

ஆனாலும் குரு சொன்ன சொல்லாயிற்றே. அடுத்த சனிக்கிழமை கொல்லைப் படியில் நின்றபடியே கேட்டார்.

தேசிங்கு கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே சொன்னார். "பூ சார். பூவும் நெய்யும். கட்டி கட்டியா வருது. அந்தப் பூஜை ரூம் ஓட்டையில ஒரு ஜாலி, வலை மாதிரி மூடி, போட்டா போதும். அப்புறம் நான் இந்தப் பக்கமே வர வேணாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் தானே ஒரு ஜாலி வாங்கி வந்தார். பூஜையறைக்குள் அவரை விட முடியுமா? சந்திலேயே வாங்கிக்கொண்டு சபாநாதனே பொருத்தினார். குருவிடமும் போய்ச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை பூவெல்லாம் ஜாலியில் தங்கியது. மறுநாள் காலையில் வீடு பெருக்க வந்த பெண் அதை வழித்து முறத்தில் அள்ளிக்கொண்டு குப்பைக் கூடைக்குப் போனாள். பார்த்த சபாநாதனுக்கு உயிரே போய்விட்டது.

"ஐயையோ! அம்மாவோட பாதத்துல விழுந்த பூவைக் குப்பையிலயா போடுவே? நாலு பேர் மிதிப்பாங்களே!"

முறத்தில் இருந்ததைத் தன் கையாலேயே ஓட்டைக்குள் தள்ளினார். ஜாலியைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார். அதைக் குருவிடம் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல அடைத்தது. அதற்கு அடுத்ததும்.

மாசிப் பௌர்ணமி வந்தது. சாயங்காலம் பெரிய பூஜை, நாற்பது பேரைக் கூப்பிட்டிருந்தார். காலையில் எழுந்து பார்த்தால் சாக்கடைத் தண்ணீர் குளியலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து நிற்கிறது.

தேசிங்கு வந்தார். பிளாச்சை விட்டுக் குத்திப் பார்த்தார். அசையவில்லை. கொல்லைத் தொட்டி மூடியை நெம்பித் திறந்தார். எட்டடி ஆழம். குனிந்து பார்த்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தொட்டிக்குள்ள, குழாய் வாயிலயே அடைச்சிருக்கு சார். மெஷின் வண்டிக்குச் சொல்லிடுங்க. நாளைக்கு வந்துடும்."

"நாளைக்கா? சாயங்காலம் நாப்பது பேர் வராங்கப்பா."

"அப்ப மூடியத் திறந்தே போடுங்க. காத்துப் போகட்டும். இப்ப உள்ள மூச்சு விட முடியாது."

"ரெண்டு நிமிஷ வேலை. நீ பாக்காத தொட்டியா?"

"உள்ள எறங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு சார்."

"யாருப்பா வந்து பாக்கப் போறா? பூஜை நிக்கக் கூடாது. உனக்கும் புண்ணியம்."

தேசிங்கு சட்டையைக் கழற்றி மடித்து மதில்மேல் வைத்தார். கயிறு இருக்கிறதா என்று கேட்டார். தேடினால் நேரமாகும் என்று சபாநாதன் மூங்கில் ஏணியைக் காட்டினார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் நின்றார்.

தேசிங்கு இறங்கினார். ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு ஏறி வந்து துணி துவைக்கிற கல்லடியில் கொட்டினார். கண் சிவந்திருந்தது. குனிந்து இருமினார்.

"இன்னும் ஒரு வாளி இருக்கு சார்."

"சீக்கிரம்ப்பா" என்றார் சபாநாதன்.

தேசிங்கு மறுபடி இறங்கினார். அந்த வாளி மேலே வரவே இல்லை.

தீயணைப்பு வண்டி வந்து தூக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூச்சு இருக்கிறது என்றார்கள். சபாநாதன் பூஜையறையில் விழுந்து கிடந்தார். "பிழைக்க வை, பிழைக்க வை" என்று புலம்பினார். வேஷம் இல்லை, நிஜமாகவே கதறினார். மூன்று மணிக்கு ஆள் போய்விட்டதாகப் போன் வந்தது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது. பூஜைக்கு வந்தவர்கள் வாசலிலேயே விஷயத்தைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். தேசிங்கின் மனைவி பொன்னுருவி சந்து வழியாக வந்தாள். மதில்மேல் இருந்த சட்டையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அம்மாள் வந்தார். கொல்லையில் நின்று திறந்து கிடந்த தொட்டியைப் பார்த்தார். சபாநாதன் ஓடி வந்து விழுந்தார்.

"என்னால ஒரு உசிரு போயிடுச்சேம்மா. இதுக்கு என்ன பரிகாரம்? சொல்லுங்க. எந்தக் கோயிலுக்கு வேணாலும் போறேன். நடந்தே போறேன்."

அம்மாள் துவைக்கிற கல்லண்டை போனார்.

"இது என்ன ஐயா?"

"சாக்கடைம்மா. அவன் கடைசியா அள்ளிக் கொட்டினது."

"கிட்ட வந்து பாருங்க."

சபாநாதன் மூக்கைப் பொத்தப் போன கையைக் கீழே இறக்கிக்கொண்டு வந்து குனிந்தார். கறுப்புச் சேற்றில் வெள்ளை வெள்ளையாக நெய்க்கட்டி. சந்தன உருண்டை. அழுகிய சம்பங்கிச் சரம் ஒன்று, நார் அறாமல் அப்படியே கிடந்தது.

"நம்ம பூஜைச் சரம்மா."

"எப்படித் தெரியும்?"

"நான் கட்டினது. கடைசியில மூணு முடிச்சுப் போடுவேன்."

"ஜாலி போட்டதாச் சொன்னீங்களே?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"வீடு பெருக்கறவ பூவைக் குப்பையில போடப் போனாம்மா. யாராவது மிதிச்சிட்டா..."

அம்மாள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார். வெறுங்கால். வலது காலை எடுத்து அந்தச் சேற்றின் மேல், சரத்துக்கு நேராகக் கொண்டுபோனார்.

"அம்மா!"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். சபாநாதன் பாய்ந்து வந்து மண்ணில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா! மிதிக்காதீங்கம்மா! உங்க கால் படக்கூடாதும்மா!"

அம்மாள் காலை விடுவித்துக்கொள்ளவில்லை. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். அம்மாளின் கண் நிறைந்திருந்தது.

"தேசிங்கு இதுலதான் எறங்கினாரு. அப்போ ஏன் ஐயா இப்படிக் கத்தலை?"