பவழத்தீவுக்கு எந்த மாதம் போகலாம்?

முன்னொரு காலத்தில் நெய்தலூர் என்ற கடற்கரை நாட்டை வேழவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். சண்டை என்றால் முதல் ஆளாக யானை மேல் ஏறுவார். ஆனால் ஒரே ஒரு தும்மல் வந்தால் போதும், "ஐயோ, ஜலதோஷம்!" என்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு நான்கு நாள் சபைப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு, எதிரே கடலில் தெரிகிற பவழத்தீவைப் போய்ப் பார்க்க ஆசை வந்துவிட்டது. "எந்த மாதம் போகலாம்?" என்று சபையில் கேட்டார்.

"மாசியில் போகலாம், மகாராஜா" என்றார் மந்திரி சேந்தனார்.

அவ்வளவுதான்! ஆஸ்தான ஜோசியர் குழைக்காதருக்குப் பொறுக்கவில்லை. மந்திரி கிழக்கு என்றால் இவர் மேற்கு என்கிற ஆள். "மாசியா? மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே! மகாராஜாவின் மூக்கை மட்டும் விட்டுவைக்குமா?" என்றார்.

ராஜாவின் கை தானாக மூக்குக்குப் போனது. "வேறு மாதம் சொல்லும்!"

"ஐப்பசி, மகாராஜா! துலா மாதம். ஆற்றில் முழுகினாலே புண்ணியம், கடலையே தாண்டினால் கேட்க வேண்டுமா? வளர்பிறைப் பஞ்சமி அருமையான நாள்."

"பலே! கூப்பிடு படகுக்காரனை!"

படகுக்காரன் கடலாண்டி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனான். "ஐப்பசியில நாங்க படகைக் கரையேத்திக் கவுத்துப் போட்ருவோம், மகாராசா. அடைமழையும் புயலும் சேந்து வர்ற மாசம். போனா திரும்ப முடியாது."

"பார்த்தீர்களா, மகாராஜா! நீங்கள் போகச் சொன்னால் இவன் மறுக்கிறான். ராஜத்துரோகம்!" என்று குதித்தார் குழைக்காதர்.

ராஜாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "பஞ்சமியன்று உன் படகு தண்ணீரில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் படகைக் கொளுத்திவிட்டு உன்னைச் சிறையில் தள்ளுவேன்!"

பாவம் கடலாண்டி. இருப்பது ஒரே படகு. வீட்டில் கைக்குழந்தையோடு பெண்டாட்டி. இறக்கினால் கடல் விழுங்கும், மறுத்தால் சிறை. கண்கலங்கி மந்திரியைப் பார்த்தான்.

ராஜா கொதிக்கும்போது எதிர்த்துப் பேசுவது, காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த கதைதான். சேந்தனாருக்கு அது தெரியாதா? நிதானமாக எழுந்தார். "ஜோசியர் குறித்தது பேஷான நாள், மகாராஜா. கடலாண்டி, புதுப் பயணத்துக்கு நாள் குறித்தவருக்கு உங்கள் குப்பத்தில் ஒரு மரியாதை உண்டல்லவா? சொல்."

கடலாண்டியின் முகம் மலர்ந்தது. "ஆமாங்க! நாள் குறிச்சவருதான் படகோட முன்மூக்குல, அணியத்துல உக்காரணும். நடுக்கடல்ல அவரு கையாலதான் தேங்காய் உடைக்கணும். நாள் தப்பாப் போனா முதல் அலை அவரு மேல விழட்டும்னு பெரியவங்க வச்ச வழக்கம்."

"நல்ல வழக்கம்! குழைக்காதரே, தேங்காயைப் பார்த்து எடுத்து வையும்" என்றார் ராஜா.

"நா... நானா?" என்றார் குழைக்காதர். அவசரமாகப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அடடா, பஞ்சமியில் ராகு எட்டிப் பார்க்கிறானே! ஐப்பசி வேண்டாம், மகாராஜா."

"அப்படியா? கார்த்திகை?"

"கனமழை, மகாராஜா!"

"ஆடி?"

"ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், நான் எம்மாத்திரம்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "ஓய்! நான் போனால் புண்ணிய மாதம், நீரும் கூட வந்தால் புயல் மாதமா?" என்றார்.

மந்திரி படகுக்காரனிடம் திரும்பினார். "உன் கைக்குழந்தையை எந்த மாதம் படகில் ஏற்றுவாய், கடலாண்டி?"

"மாசியிலதாங்க. எம் பொண்டாட்டி பொறந்த ஊரு அந்தத் தீவுதான். மாசி மகத்துக்குப் புள்ளையத் தூக்கிட்டுப் போவோம். கடலு அப்ப சட்டியில ஆறுன கஞ்சி மாதிரி அசையாமக் கெடக்கும்."

"பனி?" என்று சன்னமாகக் கேட்டார் ராஜா.

"புள்ளை தலையில ஒரு துணியக் கட்டுவோம், மகாராசா. அதோட சரி."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. "பச்சைப் பிள்ளை பயப்படாத பனிக்குப் பயந்து, ஒரு நல்லவனைச் சிறையில் தள்ளப் பார்த்தேனே!" என்று சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கடலாண்டிக்குப் போட்டார். மந்திரிக்குப் பட்டுப் பீதாம்பரம்.

மாசியில் ஒரு விடியற்காலை படகு கிளம்பியது. நாள் குறித்தவர் என்பதால் மந்திரியே அணியத்தில் ஏறி உட்கார்ந்தார், நடுக்கடலில் தேங்காயும் உடைத்தார். ராஜா தலைத்துண்டோடு ஜம்மென்று வந்தார். பின்னால் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, துண்டு கட்டாத வழுக்கைத் தலையோடு, ராஜா விடாமல் கூட்டி வந்த குழைக்காதர்.

தீவில் இறங்கும்போது "ஹச்!" என்று ஒரு தும்மல். எல்லாரும் நடுங்கிப்போய் ராஜாவைப் பார்த்தார்கள். ராஜாவோ திரும்பி ஜோசியரைப் பார்த்தார்.

"மாசிப் பனி ஆளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதே, ஓய்!" என்று வாய்விட்டுச் சிரித்தபடி, தம் தலைத்துண்டை அவிழ்த்துக் குழைக்காதர் தலையில் தாமே இறுக்கிக் கட்டிவிட்டார்.