சுல்தானின் நாக்கு சுட்ட கதை

முன்னொரு காலத்தில், கடலைப் பார்த்த ஒரு துருக்கி நகரத்தை ஃபெரித் என்றொரு சுல்தான் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். பசி வந்துவிட்டால் மட்டும் யார் தலை தப்பும் என்று சொல்ல முடியாது.

அவருடைய அரண்மனை ஒரே மூச்சில் கட்டியதல்ல. அவருக்கு முன் பட்டத்துக்கு வந்த ஒவ்வொரு சுல்தானும், அப்பா கட்டியதற்கு அப்பால், கடற்காற்றுக்கு இன்னும் கிட்டே, தன் பேர் சொல்ல ஒரு மண்டபம் கட்டி அங்கே குடிபோனார். அரண்மனை நீண்டுகொண்டே போயிற்று. அடுப்பு மட்டும் முதல் சுல்தான் வைத்த இடத்திலேயே இருந்தது.

"இன்றைக்கும் சூப்பு பச்சைத்தண்ணீர்!" என்று ஒரு நாள் சுல்தான் கிண்ணத்தைத் தள்ளினார்.

கட்டட அதிகாரி ஷாகிர் பாஷா இதற்காகவே காத்திருந்தார். தலைமைச் சமையல்காரன் ஹம்ஸாவைக் கிளப்பிவிட்டுத் தன் மைத்துனனை அங்கே உட்காரவைக்க அவருக்கு நெடுநாள் ஆசை.

"எல்லாம் ஹம்ஸாவின் சோம்பேறித்தனம், ஹுஸூர். நடக்கிறானா, ஊர்கிறானா! அவனைத் தொலைத்துவிடுங்கள். அப்படியே கடலோரத்தில் ஒரு தங்க மண்டபமும் கட்டித் தருகிறேன்."

"நாளைக்கும் ஆறியிருந்தால் ஹம்ஸாவின் தலை போகும்!" என்றார் சுல்தான்.

மந்திரியான வஸீர் நுஸ்ரத் தாடியைத் தடவினார். "சுறுசுறுப்பு என்றால் என்னவென்று ஹம்ஸா பார்த்ததே இல்லையே, ஹுஸூர். நாளைக்குப் பாஷாவே சூப்பைக் கொண்டுவந்து காட்டட்டும்."

"அதற்கென்ன, பறந்து வருகிறேன்!" என்றார் பாஷா.

மறுநாள் பாஷா கிண்ணத்தோடு கிளம்பினார். மண்டபங்களுக்குள் மன்னரும் அவரோடு வருகிறவர்களும் மட்டுமே நடக்கலாம். சாப்பாடு சுற்றுவழியில்தான் வரவேண்டும். அந்தச் சுற்றுவழியிலும் ஒரு நடையை, போன வருஷம் பாஷாவே சுவர் வைத்து அடைத்திருந்தார். அதில் போய் முட்டிக்கொண்டு, குதிரை லாயம் வழியாக வியர்த்து வடிந்து ஓடினார்.

அதற்குள் வஸீர், "ஒரு நடை போய்வருவோமா, ஹுஸூர்?" என்று சுல்தானை மண்டபம் மண்டபமாகப் பின்னோக்கி அழைத்துப் போனார். அப்பா கட்டியது, தாத்தா கட்டியது, அவருக்கு அப்பா கட்டியது.

"இது முடியவே முடியாதா, வஸீர்?" சுல்தானுக்கு மூச்சு வாங்கியது.

"உங்கள் முன்னோர்கள் காற்றைத் தேடிப் போனார்கள், ஹுஸூர். அடுப்பைக் கூட்டிப்போக மறந்துவிட்டார்கள்."

கடைசியில் முதல் சுல்தானின் சின்ன அறை வந்தது. அதை ஒட்டியே சமையற்கட்டு. ஹம்ஸா அடுப்பிலிருந்து நேரே சூப்பு ஊற்றினான். சுல்தான் ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

"ஆ!"

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டு மண்டபத்தில் சுல்தானைக் காணாமல் கிண்ணத்தோடு தேடி வந்த பாஷா உள்ளே நுழைந்தார். "ராஜதுரோகம்! சுல்தானின் நாக்கைச் சுட்டுவிட்டான்!"

சுல்தானுக்குக் கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது. "பிறந்ததிலிருந்து என் நாக்கு சுட்டதே இல்லை, பாஷா! என்ன ருசி! எங்கே, உம்முடைய கிண்ணத்தைக் காட்டும்."

மேலே கொழுப்பு ஆடையாக உறைந்து கிடந்தது.

"ஹம்ஸா சோம்பேறி என்றால், நீர்?"

"அரண்மனை ரொம்ப நீளம், ஹுஸூர்…"

"அதைத்தானே இன்னும் நீட்டப் பார்த்தீர்! ம், குடியும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."

ஹம்ஸாவுக்குப் பட்டு அங்கி கிடைத்தது, வஸீருக்கு மன்னரின் மோதிரம். தன் பேர் சொல்ல அந்தச் சுல்தான் கட்டியது ஒன்றே ஒன்றுதான்: சின்ன அறைக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே ஒரு வாசல். அதற்குக் கதவு வைக்கும் வேலை பாஷாவுக்கு. சாப்பாட்டு வேளையில் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையும் அவருக்கேதான்.