பெரிய வண்டிக்குக் கால் தெரியாது

“மூணு மாசம் ஆச்சு குருவே. இன்னும் இந்தச் சின்ன வண்டிதானா?”

சீடர் காசிராஜனுக்கு நாற்பத்திரண்டு வயது. குரு பிரிஸ்காவுக்கு இருபத்தாறு. வத்தலக்குண்டில் மூடிக்கிடந்த அரிசி ஆலையின் களத்தில் அவள் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவருக்குப் புது வேலை. மலை எஸ்டேட்டுகளுக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். கம்பெனி கொடுப்பதோ முன்னூற்றைம்பது சிசி வண்டி. ஓட்ட வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“காலைத் தூக்குங்கண்ணே.”

தூக்கினார். செருப்பின் நுனி காகிதமாய்த் தேய்ந்திருந்தது.

“வண்டியில பிரேக் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் ஏன் செருப்பால நிறுத்துறீங்க?”

“வண்டி சாஞ்சா கால் தானாப் போயிடுது குருவே.”

அவள் தன் பெரிய வண்டியில் அவரை உட்கார வைத்தாள். எஞ்சினைப் போடாமலே லேசாகச் சாய்த்தாள்.

கால் போனது. கூடவே வண்டி போனது. காசிராஜனும் போனார்.

“ஊனியும் நிக்கலையே!”

“இவ்வளவு கனத்தைக் காலா தாங்கும்? பெரிய வண்டிக்கு உங்க செருப்பு நம்பர் தெரியாது. எந்திரிங்க.”

இருவருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

“ஸ்டார்ட் பண்ணுங்க. நான் முன்னால நடக்கிறேன். என்னைத் தாண்டக்கூடாது. காலும் ஊனக்கூடாது.”

நடந்தாள். நடையா அது! கல்யாணப் பெண் மேடைக்குப் போகிற நடை. போதாததற்கு, நடந்தபடியே கொண்டையை அவிழ்த்து நிதானமாக முடிந்தாள்.

“குருவே, இது அநியாயம்!”

வண்டி தள்ளாடியது. ஊனினார். திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும் ஊனினார். பதினோராவது தடவை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கண்ணே பாக்குறீங்க?”

“முன் சக்கரத்தை.”

“அது எங்கயும் ஓடிப்போகாது. அந்த ஆலை கேட்டைப் பாருங்க.”

பார்த்தார். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல மிதித்தார். வண்டி ஊர்ந்தது. நிமிர்ந்தபடியே ஊர்ந்தது. கேட் வரைக்கும் கால் தரையைத் தொடவே இல்லை.

“குருவே! திங்கட்கிழமை நான் மலை ஏறலாமா?”

பிரிஸ்கா கேட்டைத் திறந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

காசிராஜன் இதுவரை பின்னால் ஆளை வைத்து ஓட்டியதே இல்லை.

“எ... எங்க போகணும்?”

“என் வீட்டுக்கு. பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரமாச்சு.”