நெல்லிக்காய் மருந்து

மலையடியில் ஒரு காடு. அந்தக் காட்டில், ஓடை வளைகிற பள்ளத்தில், நோயாளி விலங்குகளுக்கென்று ஒரு குடில் இருந்தது, குழந்தைகளே. அங்கே பணிவிடை செய்தவள் பூவாயி என்ற கரடி. அவளைப் போல இரக்கமுள்ளவளை எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்த இரக்கம்தான் தொல்லையாகவும் போயிற்று.

மற்ற நோயாளிகளெல்லாம் குணமாகிப் போய்விட்டார்கள். கால் முறிந்த திமிலன் என்ற காட்டெருது மட்டும் படுத்திருந்தான்.

ஒரு நாள் நாரை மருத்துவர் வந்து அவன் காலைத் தட்டிப் பார்த்தார்.

"எலும்பு கூடிவிட்டது. இனி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிடு, பூவாயி. மழை பிடித்தால் இந்தப் பள்ளத்தில் வெள்ளம் புகுந்துவிடும். இவ்வளவு பெரிய உடம்பை யாராலும் தூக்க முடியாது. தன் காலால் நடந்துதான் இவன் மேட்டுக்குப் போக வேண்டும்."

"ஆகட்டும் ஐயா" என்றாள் பூவாயி.

ஆனால் திமிலன் எழ முயன்று "ஆ!" என்றதுமே அவள் மனம் இளகிவிட்டது.

"வேண்டாம் தம்பி, படு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்."

அந்த நாளை வரவே இல்லை. புல்லை அவன் வாய்க்கே கொண்டுபோனாள். சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு வந்து புகட்டினாள். அவன் கொஞ்சம் புரண்டால்கூட, "அலட்டிக்கொள்ளாதே!" என்று அதட்டினாள். மற்ற நேரமெல்லாம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. உச்சிக் கிளைவரை ஏறித் தேனெடுத்தவள், இப்போது எழுந்திருப்பதற்கே "அம்மாடி!" என்றாள்.

"அக்கா, கொஞ்சம் காலாற நடந்துவிட்டு வாருங்களேன்" என்றான் திமிலன்.

"நன்றாயிருக்கிறதே! உன்னை இப்படிப் போட்டுவிட்டு நான் ஊர் சுற்றவா?"

மறுநாள் விடிந்ததும் திமிலன் முனக ஆரம்பித்தான்.

"அக்கா, காலுக்குள் ஏதோ குடைகிறது. மேட்டில் ஒரு நெல்லிமரம் இருக்கிறதே, அதன் காய் தின்றால் அடங்கும். ஆனால் புல்லில் பனி உலர்வதற்குள் தின்ன வேண்டும்."

பாவம், பூவாயி பதறிப்போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே மேடேறி, மரத்தடியில் கிடந்த ஒரு காயைப் பொறுக்கி வந்தாள்.

திமிலன் அதை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "கீழே விழுந்ததா? மரத்தில் ஏறிப் பறித்தால்தானே அக்கா அது மருந்து!"

"நோயாளிக்கு இவ்வளவு வாயா?" என்று திட்டினாலும், அடுத்த நாள் அவள் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள். நாளாக ஆக அவள் நடை ஓட்டமானது. நெல்லிமரத்தில் சரசரவென்று ஏறினாள். இடுப்பு வலித்ததையே மறந்துபோனாள். திரும்பி வரும்போதெல்லாம் திமிலனின் குளம்பில் சேறு ஒட்டியிருக்கும். ஓடையின் ஈரம் உள்ளே கசிந்திருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிடுவாள்.

ஒரு மாலை மழை பிடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடிலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

நாரை மருத்துவர் மேலே பறந்தபடி கத்தினார். "பூவாயி, மேட்டுக்கு ஓடு!"

பூவாயி ஓடவில்லை. திமிலனின் கொம்பைப் பிடித்து இழுத்தாள். முதுகைக் கொடுத்து முட்டினாள். மலை போன்ற உடம்பு அசையவில்லை. அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உன்னை நடக்கவிடாமல் நானே கெடுத்துவிட்டேன் தம்பி. நீ இல்லாமல் நான் போகமாட்டேன்."

"அக்கா, கழுத்தை விட்டால்தானே நான் எழுந்திருக்க முடியும்?" என்றான் திமிலன்.

அவள் விட்டாள். அவன் முன்காலை ஊன்றினான். பின்காலை ஊன்றினான். எழுந்தே நின்றுவிட்டான்!

"மேட்டில் ஏறுங்கள் அக்கா, ஏறுங்கள், அப்புறம் ஆச்சரியப்படலாம்!"

இருவரும் மழையில் மேடேறினார்கள். திமிலன் தாங்கித் தாங்கித்தான் நடந்தான், ஆனால் நிற்கவில்லை. பூவாயி முன்னே ஓடி வழி பார்த்தாள், பின்னே வந்து அவனைத் தாங்கினாள். நெல்லிமரத்தடிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது குடிலின் கூரை தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

"எப்போது நடக்கப் பழகினாய்?" என்று கேட்டாள் பூவாயி.

"நீங்கள் நெல்லிக்காய்க்குப் போன போதெல்லாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எங்கே எழ விடுகிறீர்கள்?"

"அப்படியானால் கால் குடைச்சல் என்றது பொய்யா? மருந்தும் பொய்யா?"

"குடைச்சல் பொய்தான் அக்கா. மருந்து பொய்யில்லை. இவ்வளவு தூரம் ஓடி வந்தீர்களே, ஒரு முறையாவது 'அம்மாடி' என்றீர்களா?"

பூவாயி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அடிப்பதற்குக் கையை ஓங்கியவள், அவன் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். பிறகு சரசரவென்று மரமேறி இரண்டு காய் பறித்தாள். ஒன்றை அவனுக்குக் கொடுத்தாள், மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நீதி: நோயாளியை நடக்க வைப்பதும் பணிவிடையே, பணிவிடை செய்பவர் தம் உடலையும் பேண வேண்டும்.