காலிப் பெருங்காய டப்பா

“என்னைப் பெருங்காய டப்பாங்கிறானுவ அம்மா! அதுவும் காலி டப்பா!”

தாணுலிங்கம் மடத்து அடுப்படி வாசலில் நின்று கத்தினார்.

பாட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் அதுவும் ராகத்தோடுதான் வரும். இவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. அதனால் கோபம் வெறும் கரகரப்பாக வந்தது.

உலகம்மைதான் அந்த மடத்துக்குக் குரு. தாணுலிங்கத்தைவிட வயதில் இளையவள். அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை.

“செருப்பைக் கழத்திட்டு வந்து ஏசும் அண்ணாச்சி,” என்றாள். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

கழற்றிவிட்டு வந்து, ரசம் கொதிக்கிற வரைக்கும் ஏசினார்.

விஷயம் இதுதான். தாணுலிங்கம் வில்லுப்பாட்டில் பேர்போன ஆள். அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்றால் அவர்தான் முன்னால் உட்கார்ந்து வில்லடித்துப் பாடுவார். அவர் ஒரு வரி சொல்ல, பக்கத்திலிருந்து “ஆமா!” போடுகிறவன் கோலப்பன். மீசை முளைத்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

இப்போது தாணுலிங்கத்துக்குக் குரல் போய்விட்டது. நாளைக்குக் கொடை. கோலப்பன் வில்லடிக்கப் போகிறான். நேற்று வீடு தேடி வந்து, “அண்ணே, நீங்க பக்கத்துல இருந்து ஆமா போடணும்” என்று கேட்டிருக்கிறான்.

“டீக்கடையில சிரிக்கானுவ அம்மா. ‘காலிப் பெருங்காய டப்பாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கோலப்பன் என்ன செய்யப் போறான்?’ங்கிறானுவ. நான் போகமாட்டேன். இனி அவன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்.”

“சரி, போக வேண்டாம். அலமாரியில பெருங்காயம் இருக்கும், எடும்.”

எடுத்தார். குலுக்கினார்.

“இதுவும் காலி.”

“பரவால்ல, தாரும்.”

உலகம்மை கொதிக்கிற ரசத்தில் ஒரு கரண்டி அள்ளி அந்தத் தகர டப்பாவுக்குள் ஊற்றினாள். மூடிக் குலுக்கினாள். திரும்ப ரசத்திலேயே கொட்டினாள். அடுப்படி கமகமவென்று மணத்தது.

ஊரில் எல்லாப் பெண்களும் செய்கிற வேலைதான். தாணுலிங்கத்தின் மனைவியும் செய்வாள். அவர் அடுப்படிப் பக்கம் போனால்தானே தெரியும்!

“புரிஞ்சுது அம்மா! காலியானாலும் டப்பாவுக்கு மவுசு குறையல்ல!”

“மண்ணாங்கட்டி புரிஞ்சுது.”

டப்பாவை அவர் கையில் திணித்தாள்.

“மணம் யாருது?”

“டப்பாவுது.”

“தகரத்துக்கு ஏது அண்ணாச்சி மணம்?”

அவர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். “உள்ள இருந்த பெருங்காயத்துது,” என்று முனகினார். ரசம் நுரை கட்டியது.

“பாடும்போது எனக்கு மூச்சு முட்டும் அம்மா,” என்றார் கடைசியில். “அப்பம் கோலப்பன் ‘ஆமா’வை நீட்டி இழுப்பான். சனம் அவனைப் பாத்துச் சிரிக்கும். அதுக்குள்ள நான் மூச்சு வாங்கிக்கிடுவேன். அடி மறந்து முழிச்சா, ‘ஆமா, பொறவு அம்மன் எங்க போனா?’ன்னு எடுத்துக் கொடுப்பான். ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருப்பானா? இல்ல, பாவிப்பய.”

கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

“அவன் நல்லா இருக்கணும் அம்மா. நான் இருந்த இருப்பெல்லாம் அவன் போட்ட பிச்சை.”

“முன்னால உக்காந்து பாடி அவனுக்குப் பழக்கம் உண்டா?”

“எங்க! கூட்டத்தைப் பாத்தா கை நடுங்கும் அவனுக்கு. அதனாலதான் என்னை வந்து...”

நிறுத்திவிட்டார்.

உலகம்மை ரசத்தை இறக்கி வைத்தாள். பானை விளிம்பில் கரண்டியால் டங்கென்று தட்டினாள். பாட்டுக்காரி மாதிரி ஒரு அடி எடுத்தாள்.

“கை நடுங்கும் கோலப்பன் நாளைக்குக் கொடைபாட வாறானே...”

அடுத்த அடி வரவில்லை. மூச்சு முட்டினவள் போல வாயைத் திறந்தபடி நின்றாள்.

தாணுலிங்கம் சட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, நீட்டி இழுத்தார்.

“ஆ...மா!”